மஞ்சள் வேர்

தம்பி,

எல்லோரும் நலம் என்று தொடங்கினால் அடுத்த வரியிலேயே அந்தப் பொய்யை நானே அவிழ்க்க வேண்டிவரும், அதனால் விட்டுவிடுகிறேன். உன் போன கடிதம் பொகவந்தலாவைத் தபால் கந்தோரில் கிடந்து பிந்தித்தான் வந்தது. வழக்கம்போல உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இது அதற்குப் பதில் அல்ல. அவள் சொல்லச் சொல்ல எழுதும் பதிலைத் தனியாக அனுப்புகிறேன். அதில் அவள் நல்ல சுகமாக இருப்பாள். இது அவளுக்குத் தெரியாமல் எழுதுவது. மழை இல்லை, கொழுந்தும் இல்லை, தேயிலை மலையில் வேலை பாதி நாளோடு முடிந்துவிடுகிறது. மேல் லயத்து வீட்டு வரிசைக்குப் பக்கத்தில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து எழுதுகிறேன். தொட்டி காய்ந்து கிடப்பதால் குடத்தோடு யாரும் இந்தப் பக்கம் வருவதில்லை.

கேட்க வந்ததை முதலில் கேட்டுவிடுகிறேன், வயதான அப்பன் பேச்சு எங்கெங்கோ சுற்றும். அடுத்த கடிதத்தில் உன் அம்மாவுக்கு, நான் வரமாட்டேன், உங்களைக் கூட்டிப்போக என்னால் முடியாது என்று எழுது. பூசி மெழுகாதே. எப்படியும் பார்க்கலாம், கடவுள் விட்ட வழி என்றெல்லாம் வாலை நீட்டாதே. ஒரு பிள்ளை தன் தாய்க்கு எழுதக்கூடிய வரியா இது என்று உனக்குக் கோபம் வரும். வரட்டும். கோபம் ஆறிய பிறகு மிச்சத்தை வாசி.

உன் அம்மாவின் வலது கண் போய்விட்டது. புரை விழுந்ததை நீ இருக்கும்போதே கண்டோம், நினைவிருக்கும். இப்போது இடது கண்ணிலும் வெள்ளை படர்ந்துவிட்டது. அரிசியில் கல் பொறுக்குவது விரலால்தான். நுவரெலியா ஆஸ்பத்திரியில் காட்டினேன். இன்னும் காலம் இருக்கிறது, இடது கண்ணை அறுத்தால் பார்வை தங்கும், தள்ளிப் போட்டுப் புரை முற்றினால் பிறகு அறுத்தும் பிரயோசனமில்லை என்று டாக்டர் சொன்னார். காசு கேட்கவில்லை, அரசாங்க ஆஸ்பத்திரி. படுக்க ஒரு கட்டில், கூட இருக்க ஒரு ஆள், அவ்வளவுதான் வேண்டும். உன் அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? தம்பி வந்து கூட்டிப்போனதும் இந்தியாவுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாமாம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா என்று கேட்டேன். சிரித்தாளே ஒழிய அசையவில்லை.

நீ போன அன்று ஹட்டன் ஸ்டேஷனில் நின்றோமே, அங்கே பிடித்தது இது. இந்தியாவுக்குப் போகிறவர்களை ஏற்றும் கோச்சிக்கு ஒப்பாரிக் கோச்சி என்று நம் சனங்கள் பெயர் வைத்தது சும்மா இல்லை. உன் மனைவி வீட்டாரோடு உனக்கும் இந்தியப் பாஸ்போட் வந்தது. எனக்கும் உன் அம்மாவுக்கும் இந்த நாட்டுப் பிரஜாவுரிமை வந்தது. ஒரே அடுப்பில் பொங்கித் தின்றவர்களை இரண்டு நாட்டுக்காரர்களாக்கிக் கையில் காகிதம் கொடுத்தார்கள். கோச்சி நகரும்போது உன் அம்மா ஜன்னல் கம்பியை விடவில்லை. நீ அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே சொன்னாய்: “அழாதம்மா. கொஞ்ச நாளு பொறுத்துக்க. நானே வந்து ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டுப் போறேன்.” அந்த நேரத்தில் யாரும் அதைத்தான் சொல்வார்கள். உன்னைக் குறை சொல்லவில்லை. நீ போன சில மாதத்திலேயே இந்தியாவுக்குப் போகும் கப்பல் நின்றுபோனது. அதற்குப் பிறகும் ஒவ்வொரு கடிதத்தின் கடைசியிலும் அதையே எழுதி வருகிறாய்.

அதன் பிறகு வீடு எப்படி இருக்கிறது என்று உனக்கு யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். பித்தளைக் குடமும் நல்ல சேலைகளும் சாக்கில் கட்டி மூலையில் இருக்கின்றன. நாங்கள் தகரப் போணியில் தண்ணீர் குடிக்கிறோம். லயத்துக்குப் பின்னால் நமக்கிருக்கும் காணித் துண்டில் புல் மண்டிவிட்டது. பக்கத்துக் காம்பராவில் குடியிருப்பவர்கள் போஞ்சியும் கோவாவும் என்று காய்கறி போட்டு விற்கிறார்கள், நாங்கள் அவர்களிடம் வாங்குகிறோம். போகிற இடத்துக்குத் தோட்டத்தைத் தூக்கிக்கொண்டா போக முடியும் என்கிறாள். பசுவை விற்றாயிற்று. கூரைத் தகரம் ஓட்டையாகி அடுப்பின் மேலேயே ஒழுகுகிறது, மாற்ற விடமாட்டேன் என்கிறாள். இதில் உன் அம்மாவை மட்டும் சொல்லிப் பயனில்லை. இந்தியாவுக்கு எழுதிக்கொடுத்துவிட்டுப் பாஸ்போட்டுக்குக் காத்திருந்த குடும்பங்கள் எல்லாம் இப்படித்தான் இருந்தன. வருடக்கணக்காக மிளகாய்க் கன்று ஒன்றுகூட நடாமல் மூட்டை கட்டி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களையாவது ஒருநாள் கூப்பிட்டார்கள். உன் அம்மாவை யார் கூப்பிடப் போகிறார்கள்?

இந்தக் காத்திருப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஏழாம் நம்பர் மலை ஞாபகத்துக்கு வருகிறது. நீ அப்போது சின்னப் பையன். அரிசியும் மாவும் இல்லாமல் தோட்டங்கள் பட்டினி கிடந்த எழுபதுகளின் நடுப்பகுதி. மரவள்ளிக்கிழங்கு அவிந்த வீடு பணக்கார வீடு. போதாததற்குத் தையிலும் மாசியிலும் வெயில் பிளந்தது. கொழுந்து நின்றுவிட்டது, அதனால் பெண்களுக்கு வேலைக் கணக்கில் பேர் விழவில்லை. பேர் விழாத நாளுக்குச் சம்பளம் கிடையாது. ஏழாம் நம்பர் மலைக்கு அந்த ஆண்டு கவ்வாத்து முறை. நான் கவ்வாத்துக் கங்காணி. கவ்வாத்து என்று செடியை இடுப்புக்குக் கீழே வெட்டி விடுவதற்கு முன்னால் வேரைப் பார்க்க வேண்டும் என்பது சட்டம். இங்கொன்றும் அங்கொன்றுமாகச் செடிகளைத் தோண்டி, வேரில் ஒரு துண்டு நறுக்கி, டிஸ்பென்சரியில் புண்ணுக்குப் போடும் அயடினை அதன் மேல் விடுவோம். வேரில் மாவுச்சத்து இருந்தால் வெட்டிய முகம் கறுநீலமாக மாறும், அப்போது வெட்டலாம். சத்து இல்லாவிட்டால் அயடினின் மஞ்சள் மஞ்சளாகவே நிற்கும். அன்றைக்குத் தோண்டிய வேர் எல்லாம் மஞ்சள். மழை பெய்து செடி தேறட்டும், கவ்வாத்து வேண்டாம் என்று தோட்டத்துத் தொரை சொன்னார். அந்த ஆள் வாயிலிருந்து வந்த ஒரே நல்ல வார்த்தை அதுதான்.

ஆனால் கவ்வாத்து இல்லை என்றால் ஆண்களுக்கும் பேர் இல்லை. அடுப்புக்கு மிலாறும் இல்லை, வெட்டிய தேயிலைக் குச்சிகளை நம்பித்தானே நம் அடுப்புகள் எரிந்தன. அழுத பிள்ளைதானே பால் குடிக்கும் என்று பெண்கள் எல்லோரும் கவ்வாத்து கேட்டு ஆபீசுக்குக் கிளம்பினார்கள், முன்னால் உன் அம்மா. போகிறதற்கு முன் அவளிடம் வேரைப் பற்றிச் சொன்னேன். இப்போது வெட்டினால் அந்த மலை எழும்பாது, பிறகு எல்லோருக்கும் நட்டம் என்றேன். அவள் உன்னை இழுத்து என் முன்னால் நிறுத்தினாள். “வேரு மஞ்சளா இருந்தா என்னங்க? தம்பி கண்ணும்தான் மஞ்சளா இருக்கு. அதுக்கு யாரு மருந்து ஊத்திப் பாத்தாங்க?” என்றாள். முதல் தூறல் விழுந்ததும் தொரை இறங்கி வந்து, வெட்டச் சொன்னார். நாங்கள் கத்தி தீட்டிக்கொண்டு ஏழாம் நம்பருக்கு ஏறினோம். பேர் விழுந்தது, வீட்டில் மாவு வந்தது, நீ ரொட்டி தின்றாய்.

பிறகு மழை நன்றாகவே பெய்தது. மற்ற மலைகள் எல்லாம் தளிர்த்தன. ஏழாம் நம்பர் மட்டும் அடிக்கட்டையில் அங்கங்கே ஒரு பொட்டுத் தளிர் காட்டி, அதுவும் கருகி, மழையில் நனைந்துகொண்டே செத்தது. வெயிலில் பிழைத்த செடி மழையில் ஏன் செத்தது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. அந்த மலையைக் கைவிட்டு டர்பன்டைன் மரம் வைத்தார்கள். அதை நம்பியிருந்த ஆட்களுக்கு வேலை போனது. இதை ஒரு குற்றமாக நான் உனக்குச் சொல்லவில்லை. அதே மாசி மறுபடி வந்து, அதே கண்ணோடு நீ என் முன்னால் நின்றால், மறுபடியும் வெட்டுவேன்.

விளங்க வைத்தது நீதான். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு தேயிலை ஆராய்ச்சித் தோட்டத்து நர்சரி வேலையை விட்டுவிட்டு வந்து, வாசலுக்குக்கூடப் போகாமல் வீட்டுக்குள் இருந்த மாதங்களில் ஒருநாள் நானே அந்த மலையின் கதையை எடுத்தேன், உன் வாயைத் திறக்க வைக்க வேண்டுமே என்று. நீ ஒரு தேயிலை இலையைப் புரட்டிப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தாய். இலையின் அடியில் கண்ணுக்குத் தெரியாத வாய்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் இரண்டு உதடு என்றாய். மண் காயத் தொடங்கியதும் முதலில் தெரிந்துகொள்வது வேர். அது ஒரு ஹோர்மோனைச் சுரந்து தண்ணீரோடு தண்ணீராக மேலே அனுப்புகிறது. அதன் பெயர் அப்சிசிக் அமிலம் என்று சொல்லி, என்னையும் சொல்ல வைத்துச் சிரித்தாய். கலவரத்துக்குப் பிறகு நீ சிரித்தது அன்றைக்குத்தான். அந்தச் செய்தி போய்ச் சேர்ந்ததும் உதடுகள் தளர்ந்து வாய்கள் மூடிக்கொள்ளும். இலை வாடவில்லை, பச்சையாகத்தான் இருக்கிறது, ஆனாலும் மூடிக்கொள்ளும். குருத்து வளர்வதை நிறுத்திவிடும், நாம் பஞ்சிக் கொழுந்து என்று கழித்துப் போடுவோமே, அதுபோல. வேர் மட்டும் ஈரம் தேடிக் கீழே இறங்கப் பார்க்கும்.

கெட்டிக்காரச் செடிதான் என்றேன். நீ தலையை ஆட்டினாய். தண்ணீர் போகிற அதே வாய் வழியாகத்தான் சாப்பாட்டுக்கான காற்றும் உள்ளே வர வேண்டும், வாயை மூடினால் தண்ணீர் மிஞ்சும், சமையல் நின்றுவிடும் என்றாய். அப்புறம் எதைத் தின்று உயிர் வாழும் என்று கேட்டேன். “வேர்ல சேத்து வச்சதத்தாம்ப்பா. ஏழாம் நம்பரு வெயில்ல சாகல. வாய மூடிக்கிட்டே இருந்து, வேர்ல இருந்ததையெல்லாம் தின்னு தீத்திருச்சு. மழ வந்தப்ப தளிர் விட அதுக்கிட்ட ஒண்ணுமில்ல. நீங்க வேற வெட்டிட்டீங்க” என்றாய். மழை விழுந்தவுடன் வாய் முழுதாகத் திறந்துவிடாது, அந்த ஹோர்மோன் கரைந்து போகவும் சில நாள் எடுக்கும் என்றும் சொன்னாய். எத்தனையோ வருடம் அந்த மலையின் அடிவாரத்தில் நடந்து போயிருக்கிறேன். அன்றைக்குத்தான் என் கண் முன்னால் அது உண்மையாகச் செத்தது.

இப்போது நான் சொல்ல வருவது உனக்குப் புரிந்திருக்கும். கடைசி வரியில் நீ எழுதுகிற அந்த வாக்கு ஒவ்வொரு மாதமும் வந்து உன் அம்மாவை மூடி வைக்கிறது. அவள் ஒரு கீரை விதையைக்கூட மண்ணில் போடமாட்டேன் என்கிறாள். சேர்த்து வைத்த தெம்பைத் தின்று நாளைத் தள்ளுகிறாள், அதில் கண்ணும் போகிறது. நீ வந்தே தீருவாய் என்றால் காத்திருக்கட்டும். ஆனால் உன் நிலைமை எனக்குத் தெரியும். மரக் கொந்தராத்துக்காரனிடம் அடவான்ஸ் வாங்கிக் காட்டில் மாட்டிக்கொண்டிருக்கிறாய் என்று உன்னோடு போன கீழ் லயத்துக் குடும்பம் தங்கள் ஆட்களுக்கு எழுதியிருந்தது. நீ எனக்கு எழுதும் தேயிலைத் தோட்ட வேலை எந்த மலையில் இருக்கிறது என்று நான் கேட்கப் போவதில்லை. உனக்கும் எனக்கும் நடுவில் அது இருந்துவிட்டுப் போகட்டும்.

கல்யாணம் முடித்துப் பிள்ளை பெற்றவனுக்குப் புத்தி சொல்லக்கூடாது என்பார்கள். ஒன்றே ஒன்று சொல்கிறேன். நீ இருக்கும் இடத்தில் ஒரு கத்தரிக் கன்றாவது நட்டிருக்கிறாயா? நட்டு வை. அந்த மண் கல்லாக இருந்தாலும் கிளறி நட்டு வை. திரும்பிப் போகிற ஆள் மாதிரி அங்கே இருக்காதே. உன் பிள்ளைக்கு இந்த மலைகளின் பெயரைச் சொல்லி வளர்க்காதே. கொட்டகலை எங்கே, ஹட்டன் எங்கே என்று அது கேட்டால், தெரியாது என்று சொல்லிவிடு. இங்கிருந்து நீ கொண்டுபோனது அதற்குச் சோறு போடாது. உன் அம்மாவுக்கு வரமாட்டேன் என்று எழுது. அழுவாள், சில நாள் சாப்பிடமாட்டாள், பிறகு என் பின்னால் ஆஸ்பத்திரிக்கு வருவாள் என்றுதான் நினைக்கிறேன்.

இதுவரை முந்தாநாள் எழுதி மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். தபாலில் போடவில்லை. அதற்குள் ஒன்று நடந்துவிட்டது.

இன்று காலை தோட்டத்து லொறி நுவரெலியாவுக்குப் போனது. கண் நோயாளிகளை ஏற்றிப்போக டிஸ்பென்சர் ஒழுங்கு செய்திருந்தார். உன் அம்மா பெயரையும் கொடுத்திருந்தேன். லொறி வந்து கோர்ன் அடித்தபோது அவள் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து சுளகில் அரிசி தடவிக்கொண்டிருந்தாள். கிளம்பு புள்ள என்றேன். தம்பி வரட்டும் என்றாள். எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்ததோ, உன் கடிதத்துக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் நானே சொல்லிவிட்டேன், அவன் வரமாட்டான் என்று.

அவள் கை நிற்கவில்லை. “தெரியும்” என்றாள்.

எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். “கப்பலு நின்னுபோச்சுன்னு கடையில பேசிக்கிட்டாங்கள்ல, அன்னைக்கே தெரியும். நீங்க கடுதாசி வாசிக்கையில குரலு எங்க எறங்குதுன்னு எனக்குத் தெரியாதா? கண்ணுதான் போச்சு.” அப்படியென்றால் கண்ணையாவது காட்டிக்கொண்டால் என்ன, இந்த மூட்டையும் புல் மண்டின காணியும் எதற்கு என்று கத்தினேன். அவள் சுளகைக் கீழே வைத்தாள். “கண்ணத் தொறந்து என்னத்தங்க பாக்க? இந்த லயத்தையா? எனக்குப் போஞ்சி போடவும் வேணாம், கூர மாத்தவும் வேணாம். போறோம்னு இருந்தாத்தான் காலையில எந்திரிக்க முடியுது. அந்த வரிய வாசிச்சுக்கிட்டே இருங்க. அத நிப்பாட்டிட்டீங்கன்னா நான் எந்திரிக்க மாட்டேன்.” லொறி இன்னொரு முறை கோர்ன் அடித்துவிட்டுப் போனது. நான் போய் நிறுத்தவில்லை.

அந்த ஹோர்மோனைப் பற்றி நீ சொன்னதில் ஒன்றை மேலே எழுதாமல் விட்டேன், என் வாதத்துக்கு ஒத்துவராது என்பதால். அந்தச் சத்தை உண்டாக்கத் தெரியாமல் பிறந்த தக்காளிச் செடி ஒன்று உண்டு என்றாய். அதற்கு வாயை மூடத் தெரியாது, கொஞ்சம் வெயில் பட்டாலும் ஈர மண்ணிலேயே நின்று வாடிப்போகும் என்றாய். உன் அம்மாவைத் திறக்க வைக்க வேண்டும் என்று நான் துடித்தது அவளை அப்படி வாட விடுவதற்குத்தான் என்று எனக்கு இன்றைக்குப் பட்டது. மூடியிருந்தாலும் அவள் சாகப் போகிறாள். திறந்தால் சீக்கிரம் போய்விடுவாள். இதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியவில்லை. ஆராய்ச்சி செய்தவர்களோடு இருந்தவன் நீ, உனக்கு வேறு வழி தெரிந்தால் எழுது. தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

ஆகவே முதலில் கேட்டதைக் கேட்காததாக வைத்துக்கொள். கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதலாம் என்று பார்த்தேன். ஆனால் இனிமேல் நீ எழுதுவதை எல்லாம் தெரிந்துகொண்டே எழுத வேண்டும், அதனால் முழுதாக அனுப்புகிறேன். இன்னொன்றும் உனக்குத் தெரிய வேண்டும். உன் போன கடிதத்தில் அந்த வரி இல்லை. மறந்தாயோ, எழுத வெட்கப்பட்டாயோ, நான் கேட்கவில்லை. வாசித்துக்கொண்டு போகும்போது அது வராது என்று தெரிந்துவிட்டது, அவள் முகத்தைப் பார்த்தேன், நடுவில் நானே ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிட்டேன். இன்று மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே சொல்கிறாள்: “போன தடவ அத எழுதினது தம்பி இல்ல. தம்பி கடைசியிலதான் எழுதும். நீங்க நடுவுல வாசிச்சீங்க.”

எனக்கு அது கைவரவில்லை, தம்பி. நீயே எழுது. வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்று கடைசி வரியில் எழுது. நீ வரமாட்டாய் என்று தெரிந்துகொண்டே அவள் கேட்டுக்கொண்டிருப்பாள்.

அப்பா